வலையும் பார்வையும்

கிரேக்கத் துன்பியல் நாடகம் பார்க்க வந்தவர்களுக்குக் கதை பெரும்பாலும் பழகியதே. கிமு 5ஆம் நூற்றாண்டில், அக்ரோபோலிஸ் குன்றின் தென்சரிவில் டயோனைசஸ் தெய்வத்தின் விழாவுக்குக் கூடிய ஏதென்ஸ் மக்கள், அகமெம்னான் எப்படிச் செத்தான், ஈடிப்பஸ் யாரை மணந்தான் என்பதையெல்லாம் முன்பே கேட்டிருந்தார்கள். மேடையில் பேசுபவனுக்குத் தெரியாதது பார்ப்பவர்களுக்குத் தெரியும். நாடக நகைமுரண் பிறப்பது இங்கேதான். ஒரே பொருளை, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து அதைக் கூர்மையாக்கினார்கள் நாடகாசிரியர்கள்.

கிமு 458இல் எஸ்கிலஸுக்கு முதல் பரிசு வாங்கித் தந்த 'ஒரெஸ்டீயா', முழுமையாக எஞ்சியிருக்கும் ஒரே முந்நாடகத் தொகுதி. அதன் முதல் நாடகத்தில், டிராய் நகரின்மேல் தெய்வம் வலை வீசியது என்று முதியோர் குழு பாடுகிறது. அங்கே வலை வெறும் உருவகம். பிறகு அகமெம்னானின் மனைவி கிளைடெம்னெஸ்ட்ரா, போரில் கணவன் பட்டதாக வந்த காயச் செய்திகள் எல்லாம் உண்மையானால், அவன் உடம்பில் வலையைவிட அதிக ஓட்டைகள் இருக்க வேண்டும் என்கிறாள். கேட்கும் முதியவர்களுக்கு அது மனைவியின் கவலை. அவள் மனத்தை அறிந்தவர்களுக்கோ கொலைத் திட்டம். குளியலறையில் அவனை விலையுயர்ந்த அங்கியால் மீன்பிடிப்பதுபோலச் சுற்றி வளைத்து வெட்டியதாக அவளே பின்னர் அறிவிக்கிறாள். பாட்டில் வந்த வலை துணியாகிவிட்டது. அடுத்த நாடகத்தில் மகன் ஒரெஸ்டெஸ், தாயைக் கொன்றபின், அதே அங்கியை எல்லோர் முன்பும் விரித்துக் காட்டுகிறான். உருவகத்தைக் கைக்கு எட்டும் பொருளாக்கிய இந்தத் துணிவில் எஸ்கிலஸை மிஞ்ச ஆளில்லை.

சொபோக்ளிஸ் 'ஈடிப்பஸ் மன்ன'னில் கையாண்டது பார்வை. லாயஸ்தான் தன் தந்தை என்று அறியாமல் அவனுடைய கொலையாளியைச் சபிக்கும் ஈடிப்பஸ், இறந்தவனுக்காகத் தன் சொந்தத் தந்தைக்காகப் போராடுவதுபோலப் போராடுவேன் என்கிறான். அவன் மனமாரச் சொல்லும் அந்த உறுதிமொழிதான் அவனையே குற்றவாளியாக்குகிறது. பார்வையற்ற தீர்க்கதரிசி டைரீசியஸ் உண்மையைச் சொன்னதும், குருடனென்று அவரை இகழ்கிறான். கொரிந்திலிருந்து வரும் தூதன், தாயை மணந்துவிடுவோமோ என்ற அவன் அச்சத்தைப் போக்கத்தான் நினைக்கிறான்: உன்னை வளர்த்த பாலிபஸ் உன்னைப் பெற்றவரல்ல, கணுக்கால் துளைக்கப்பட்ட குழந்தையாக உன்னை வாங்கிக்கொண்டது நானே என்கிறான். ஆறுதலாகச் சொன்னதே எல்லாவற்றையும் தலைகீழாக்குகிறது. திடீர்த் திருப்பத்துக்கு அரிஸ்டாட்டில் இந்தக் கட்டத்தையே எடுத்துக்காட்டினார். அவன் மனைவியும் தாயுமான ஜொகாஸ்டாவுக்கு முதலில் புரிந்துவிடுகிறது. விசாரிக்காதே என்று மன்றாடிவிட்டு உள்ளே போகிறாள். தூக்கில் தொங்கிய அவள் உடையிலிருந்த ஊசிகளைப் பிடுங்கித் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான் ஈடிப்பஸ். உண்மையைக் கண்ட மறுகணமே பார்வை போகிறது.

யூரிபிடிஸ் இறந்த பிறகே அரங்கேறிய 'பாக்கே'யில் இதே உத்தி இன்னும் கொடூரமாகிறது. அங்கே திரும்பத் திரும்ப வருவது வேட்டை. டயோனைசஸின் பெண்மைத் தோற்றத்தை ஏளனம் செய்து அவனைச் சிறைபிடித்த மன்னன் பெந்தியஸ், பெண்களின் சடங்கை ஒளிந்து பார்க்கும் ஆசையில் தானே பெண்ணுடை அணிகிறான். அவன் கலைந்த கூந்தலைச் சரிசெய்வது அந்தத் தெய்வம்தான். வேட்டையாட வந்தவன் இரையாகிறான். தாய் அகாவே, சிங்கத்தை வீழ்த்திவிட்டதாகப் பூரித்து, மகனின் தலையை ஏந்தி வருகிறாள். அவள் தந்தை காட்மஸ் முதலில் அவளை வானத்தைப் பார்க்கச் சொல்கிறார். பித்து மெல்லத் தெளிந்த பிறகே, கையிலிருப்பது யாருடைய தலை என்று கேட்கிறார்.