பலகைத் தரைக்கு ஆயிலா, வார்னிஷா?

லண்டனில் விக்டோரியா காலத்து வீடுகளில் கார்ப்பெட்டை உரித்தால் பெரும்பாலும் பைன் பலகைதான். எங்கள் வீட்டிலும் அதுவே. உப்புத்தாள் மெஷின் போட்டுத் தேய்த்தாயிற்று. மேலே என்ன பூசுவது என்பதில்தான் வீட்டுக்குள் இரண்டு கட்சி.

மனைவி வார்னிஷ் கட்சி. பாலியூரித்தேன் பூச்சு மரத்தின் மேல் படலமாக நிற்கும். சாம்பார் சிந்தினாலும் துடைத்துவிடலாம். வார்னிஷிலேயே ஆயில் வகை நாளாக நாளாக மஞ்சளிக்கும். தண்ணீர் வகை தெளிவாகவே இருக்கும், சீக்கிரம் காயும். ஆனால் ஓரிடத்தில் பெயர்ந்தால் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும். கடைசியில் அறை முழுவதையும் மறுபடி தேய்க்க வேண்டிவரும்.

நான் ஹார்ட்வாக்ஸ் ஆயில் கட்சி. எண்ணெயும் மெழுகும் கலந்த இது மரத்துக்குள் இறங்கும். தேய்ந்த இடத்தில் மட்டும் லேசாகத் தேய்த்துப் பூசினால் போதும். பைன் மென்மரம், நாற்காலியை இழுத்தாலே தடம் விழும். எந்தப் பூச்சும் அதைத் தடுக்காது. அப்படியிருக்க, சுலபமாகச் சரிசெய்ய முடிவதுதானே நல்லது?

தீர்ப்பு: கூடத்துக்கும் படுக்கையறைக்கும் ஆயில், சமையலறைக்கு வார்னிஷ்.

நீங்களும் இறங்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். பலகையில் பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் தேய்க்காதீர்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.