கையும் கையுறையும்

பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலையின் அடிவாரத்தே அமைந்த ஊர் அரும்பாவூர். அங்குள்ள சிற்பக்கூடங்களில் வாகை, மா முதலிய மரங்கள் தெய்வத் திருவுருவங்களாக மாறுகின்றன. ஒரே கட்டையிலிருந்து உருவம் முழுவதையும் செதுக்கியெடுத்தல் அவ்வூர்ச் சிற்பியரின் மரபு. 2020ஆம் ஆண்டில் அரும்பாவூர் மரச்சிற்பத்திற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். சிற்பியின் கைத்திறனைக் காப்பது யாது?

இவ்வினாவின் அருமையை அண்டையிலுள்ள அரியலூர் மாவட்டம் உணர்த்தும். கங்கைகொண்ட சோழபுரத்தில் இறைவன் சண்டேசருக்கு மாலை சூட்டும் சிற்பம் பதினொன்றாம் நூற்றாண்டு முதல் நின்று விளங்குகின்றது. உருவம் உள்ளது, ஆயின், உளி பிடித்த விரல்கள் எங்ஙனம் வளைந்தன, எங்கே தயங்கின என்பவற்றை அக்கல் கூறவில்லை. சிற்பி மறைந்தபோது அவர்தம் கையசைவும் உடன் மறைந்தது.

அத்தகைய அசைவைக் குறித்துவைக்கும் கையுறைகள் இக்காலத்தில் தோன்றியுள்ளன. அவற்றின் அடிப்படை எளியது. நீண்டு குறுகிய வாய்க்காலில் நீர் தளர்ந்து செல்லும். அதுபோலக் கம்பியை இழுத்து நீட்டினால் அதன் மின்தடை மிகும். 1856ஆம் ஆண்டில் கெல்வின் பிரபு இவ்வுண்மையைக் கண்டறிந்தார். 1938ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டவரான சிம்மன்சு, ரூகே என்னும் இருவர் தனித்தனியே, நுண்கம்பியைப் பொருளின்மேல் ஒட்டி அதன் திரிபை அளந்தனர். இன்றோ கரித்துகள் கலந்த ரப்பர் போன்ற மெல்லிய பொருள்களாலும் திரிபு உணரிகள் செய்யப்படுகின்றன. விரல் மடங்குங்கால் கணுவின்மேலுள்ள உணரி நீள்கின்றது, துகள்கள் விலகுகின்றன, மின்தடை ஏறுகின்றது. அம்மாற்றத்தைக் கணினி விரலின் வளைவாகக் கணக்கிட்டு, மெய்நிகர் உலகில் அக்கையையே வரைந்து காட்டுகின்றது. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் தொடுவுணர்வு, மெய்நிகர் காட்சி ஆகியவை பற்றிய ஆராய்ச்சி நடைபெறுகின்றது.

இத்தகைய கையுறையை அணிந்து முதிய சிற்பியொருவர் செதுக்குவாராயின், அவர்தம் விரல்களின் போக்கு எண்களாகப் பதிவுறும். பின்னாளில் வரும் மாணவன் தன் விரல்களை அப்பதிவோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

எனினும், இக்கருவிக்கும் எல்லை உண்டு. இழுத்துவிட்ட ரப்பர் உடனே பழைய நிலையை எய்துவதில்லை. அதனால் அளவு சிறிது பிழைபடும். வியர்வையும் வெப்பமும் அதனை மயக்கும். ஒருவர் கைபோல் மற்றொருவர் கை இராமையால், ஒவ்வொருவர்க்கும் அதனைப் புதிதாகச் செம்மைப்படுத்தல் வேண்டும். யாவற்றினும் பெரிய குறை வேறொன்று. விரல் எவ்வளவு வளைந்தது என்பதைத் திரிபு உணரி அறியும். எவ்வளவு அழுத்திற்று என்பதை அறியாது. அதற்கு வேறோர் உணரி வேண்டும். அதுவும் சேர்ந்தாலும், மரத்தின் இழை திரும்புமிடத்தில் உளி ஏன் நின்றது என்பதைச் சிற்பியே சொல்லுதல் வேண்டும்.

ஆதலின், கையுறை ஆசிரியர் ஆகாது. ஆசிரியரின் கையை நினைவில் வைத்திருக்கும் ஏடு ஆகும். ஓலைச்சுவடி இருந்தும் கற்பிப்பார் இன்றேல் கல்வி நிரம்பாது. இப்புதிய ஏட்டிற்கும் அதுவே நியதி. முதியோர் உள்ளபோதே அவர்தம் கையசைவைப் பதிந்து வைத்தல் அறிவுடைமை. அவரருகில் அமர்ந்து கற்றல் அதனினும் சிறந்தது. கையுறை கொண்டு பயிலும் மாணவனும் ஒருநாள் அதனைக் கழற்றிவைத்து, வெறுங்கையால் மரத்தைத் தொட்டே தன் தொழிலைத் தொடங்குவான்.