சொடுக்கு

கோல்ஃப் ஆடுகிறேன் என்று இலக்கிய நண்பர்களிடம் சொல்வதில் எனக்குச் சற்றுக் கூச்சம் உண்டு. சீமான்களின் ஆட்டம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் நான் வசிக்கும் வடக்குக் கலிஃபோர்னியாவில் நகராட்சிகள் நடத்தும் திடல்கள் உண்டு. தபால்காரரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையும் வரிசையில் காத்திருந்து ஆடும் இடங்கள். அங்கேதான் இந்த ஆட்டம் என்னைப் பிடித்துக்கொண்டது. அங்கேதான் நான்கு ஆண்டுகள் என் மணிக்கட்டோடு மல்லுக்கட்டினேன்.

‘ரிலீஸ்’ என்று ஆட்டக்காரர்கள் சொல்வதை முதலில் விளக்கிவிட வேண்டும். மட்டையைப் பின்னால் உயர்த்தும்போது மணிக்கட்டு மடங்கி, முன்கைக்கும் மட்டைத் தண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு செங்கோணம் உண்டாகிறது. கீழிறங்கி வருகையில் அந்தக் கோணம் பாதி வழிவரை குலையாமல் நின்று, பந்தை நெருங்கும்போது அவிழ வேண்டும். மாட்டுவண்டிக்காரர் சாட்டை வீசுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கை ஓரிடத்தில் தயங்குகிறது, நுனி பறக்கிறது. சொடுக்கு என்பதுதான் இதற்குப் பொருத்தமான சொல். ‘இங்கே சொடுக்கவும்’ என்று இணையத்தில் எழுதியெழுதி நாம் தேய்த்துவிட்ட சொல்.

என் சொடுக்கு எப்போதும் முந்திவிடும். மட்டை பந்தைத் தொடும்போது சாட்டையில் மிச்சம் எதுவும் இராது. பந்து நோயாளியைப் போல எழும்பி, பாதி தூரத்தில் படுத்துவிடும்.

‘மணிக்கட்டைப் பிடித்து வை’ என்றார் ஒரு பயிற்சியாளர். இரண்டாமவரும் அதையே சொன்னார். பிடித்து வைத்தேன். மட்டையின் முகம் பந்துக்கு நேராகத் திரும்ப நேரமின்றித் திறந்தே வந்து சேர்ந்தது. பந்துகள் வலப்புறம் வளைந்து யூகலிப்டஸ் மரங்களுக்குள் போய் மறைந்தன. முழங்கையில் வலி வேறு.

அலஸ்டர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் இருவரும் 1968-இல் எழுதிய ‘சர்ச் ஃபார் த பெர்ஃபெக்ட் ஸ்விங்’ என்ற நூலை அந்த நாட்களில் படித்தேன். வீச்சை அவர்கள் இரண்டு நெம்புகோல்களாகப் பார்க்கிறார்கள்: தோளிலிருந்து சுழலும் கைகள் ஒன்று, மட்டை மற்றொன்று, இடையில் கீலாக மணிக்கட்டு. சுழற்சி ஒழுங்காக நடந்தால் கீல் பெரும்பாலும் தானாகவே திறந்துகொள்ளும். இறக்கம் முழுவதுமே கால் நொடி சொச்சம்தான். பந்தும் மட்டையும் தொட்டிருப்பதோ நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இதற்குள் மணிக்கட்டுக்கு மனம் ஆணையிடுவதாவது! படித்தேன், ஒப்புக்கொண்டேன், மறுநாள் மறுபடி மணிக்கட்டைப் பிடித்து வைத்தேன். நூல்களோடு நமக்குள்ள உறவு பல சமயம் இப்படித்தான்.

கடைசியில் ஓர் அசைவுப் பதிவுக் கூடத்துக்குப் போனேன். மோஷன் கேப்சர் என்று திரைப்படங்களால் பழகிப்போன அதே நுட்பம். திராட்சை அளவில் ஒளியைத் திருப்பியனுப்பும் சாம்பல்நிற உருண்டைகளை உடம்பெங்கும் ஒட்டினார்கள். சுற்றிலும் பத்து அகச்சிவப்புக் கேமராக்கள், காலடியில் விசையை அளக்கும் தட்டுகள். பத்து முறை அடித்தேன். திரையில் நான் இல்லை. புள்ளிகளால் ஆன ஒரு எலும்புக்கூடு என் சோம்பலோடு அசைந்தது.

அங்கிருந்து அரைமணி நேர ஓட்டத்தில் பாலோ ஆல்டோ. 1878-இல் அங்கே லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் குதிரைப் பண்ணையில் எட்வர்ட் மைபிரிட்ஜ் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையைப் படமெடுத்தார். நான்கு குளம்புகளும் தரையைவிட்டு எழுகின்றன என்பது உறுதியாயிற்று. ஆனால் ஓவியர்கள் வரைந்ததுபோல் கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருக்கும் கணத்தில் அல்ல, வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும் கணத்தில். குதிரைகளோடே வாழ்ந்த மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தவறாகப் பார்த்திருக்கிறார்கள். என் உடம்பைப் பற்றி நான் என்ன பெரிதாகக் கண்டுவிட்டேன்!

கூடத்தை நடத்திய இளம்பெண் நான்கு வளைகோடுகளைக் காட்டினார். தேர்ந்த ஆட்டக்காரரிடம் இறக்கத்தில் முதலில் இடுப்பு உச்ச வேகத்தை அடைகிறது, பின் மார்பு, பின் கை, இறுதியில் மட்டை. ஒவ்வொன்றும் தன் வேகத்தை அடுத்ததற்குக் கொடுத்துவிட்டுத் தணிகிறது. என் கோடுகளில் மார்பு முதலில் வந்தது. இடுப்பு ஏதோ நினைவில் பின்னால் வந்து சேர்ந்தது. அதற்குள் கைகள் தவித்துப்போய் மட்டையை வீசி எறிந்துவிட்டிருந்தன.

விசைத்தட்டின் கணக்கு இன்னும் அப்பட்டமானது. பந்தைத் தொடும் கணத்தில் தேர்ந்தவர்களின் எடையில் பெரும்பகுதி முன்காலில், அதாவது வலக்கை ஆட்டக்காரருக்கு இடது காலில், இருக்கும். எனக்கு 44 விழுக்காடு. அவர் திரையிலிருந்து தலையைத் திருப்பாமல் கேட்டார்: “உங்கள் இடது காலில் எப்போதாவது அடிபட்டதா?”

ஐந்து ஆண்டுகளுக்கு முன் இறகுப்பந்து ஆடும்போது இடது முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். ஓராண்டில் முழுமையாகக் குணமாகிவிட்டது என்றார் மருத்துவர். நானும் அதை மறந்துவிட்டேன். வலி இல்லை, வீக்கம் இல்லை, மலையேறக்கூடப் போயிருக்கிறேன். இதையெல்லாம் அவரிடம் ஒரு வழக்கறிஞரைப் போல அடுக்கினேன். அவர் மறுக்கவில்லை. 44 என்ற எண் திரையில் அப்படியே இருந்தது.

அன்றிரவு மனைவியிடம் சொன்னபோது அவள் வியப்படையவில்லை.

“மாடிப்படி இறங்கறப்போ இன்னும் இடது காலைத்தானே முதல்ல வைக்கிறீங்க? ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்தாங்களே, அதே மாதிரி. ஏறறப்போ வலது கால்.”

“ஏன் சொல்லலை?”

“தெரிஞ்சுதான் செய்யறீங்கன்னு நெனச்சேன்.”

மறுநாள் காலை மாடிப்படியின் உச்சியில் நின்று வலது காலை முதலில் இறக்க முயன்றேன். அப்படிச் செய்தால் ஒரு கணம் முழு உடம்பும் இடது முழங்காலில் நிற்கவேண்டும். வலி ஏதுமில்லை. ஆனால் என் கை தானாகவே கைப்பிடியைப் பற்றிக்கொண்டதைப் பார்த்தேன். மறந்துவிட்டதாக நான் சொன்ன ஒன்றை முழங்கால் ஐந்து ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறது. அந்த அச்சத்துக்கான தண்டனையை மணிக்கட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நடந்தவை சுவாரசியமற்றவை. ஒற்றைக் காலில் நிற்பது, இடது காலில் மட்டும் ஊன்றி, வலது நுனிக்காலைத் தரையில் சும்மா தொட்டபடி சிறு மட்டையால் மெல்ல அடிப்பது. நான்கு மாதங்கள் யாரும் மணிக்கட்டைப் பற்றிப் பேசவில்லை. மறுபடி பதிவெடுத்தபோது விசைத்தட்டு 67 காட்டியது. மணிக்கட்டின் கோணம் முன்பைவிடச் சற்று நேரம் தாங்கி நின்றிருந்தது, நான் ஒன்றுமே செய்யாதபோது. மார்பு இன்னும் இடுப்பை முந்தப் பார்க்கிறது.

படிகளில் கைப்பிடியை விட்டுவிட்டேன். மழைநாட்களில் மட்டும் பிடித்துக்கொள்கிறேன்.