ஸ்பேனர் எங்கே?

2015 ஜூன் 8, ராத்திரி 9.23 மணி. பாக் நீரிணைப் பக்கம் ரோந்து போய்விட்டுச் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்த கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம் ரேடாரிலிருந்து மறைந்துபோனது. உள்ளே மூன்று பேர். கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. 28 நாள் கழித்து, ஜூலை 6 அன்று, சிந்துத்வஜ் என்ற நம் நீர்மூழ்கிக் கப்பலின் காதில் கடலடியிலிருந்து ஒரு சன்னமான சமிக்ஞை விழுந்தது. ஜூலை 10 அன்று 'ஒலிம்பிக் கேன்யன்' என்ற கப்பல், ஆளில்லாத இயந்திரத்தை இறக்கி விமானத்தின் கறுப்புப் பெட்டியை எடுத்தது. கடலூர், சிதம்பரம் கரைக்கு அப்பால், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஆழம். சிதம்பரம் கோயிலின் கோபுரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக இருபதுக்கு மேல் அடுக்கினாலும் தண்ணீருக்கு வெளியே கலசம் தெரியாது.

போன உயிர் போனதுதானே, ஒரு பெட்டிக்காக எதற்கு இவ்வளவு பாடு என்று அப்போதே சிலர் கேட்டார்கள். காணாமல் போனவர்களின் குடும்பங்கள் அப்படிக் கேட்கவில்லை. விமானத் துறையும் கேட்பதில்லை. கறுப்புப் பெட்டியின் (நிறம் என்னவோ ஆரஞ்சு) வேலை, அடுத்த விமானத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றுவது. அதோடு இணைந்த கருவி தண்ணீர் பட்டதும் தானாகக் கூப்பிட ஆரம்பிக்கும். முன்பெல்லாம் குறைந்தது 30 நாள் கூப்பிட்டால் போதும் என்பது விதி. 2009-ல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் விமானத்தின் பெட்டிகளை எடுக்க ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆனது. அதற்கப்புறம் 30 நாள் 90 நாளானது. ஒவ்வொரு விபத்தும் விதிப்புத்தகத்தில் ஒரு வரியைத் திருத்திவிட்டுத்தான் போகிறது.

அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விபத்து விசாரணைக்கு வகுத்திருக்கும் விதி. விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. யார் மேல் பழி என்று முடிவு செய்வது அதன் வேலை இல்லை. நம் ஊரில் சைக்கிள் மோதினாலே முதலில் வரும் கேள்வி 'எவன்டா அது?' அல்லவா?

விமானப் பராமரிப்பில் முப்பது வருஷம் இருந்து ஓய்வுபெற்ற சிதம்பரத்து நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "சார், எங்க கூடத்துல ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பலகையில அதோட உருவத்தையே வரைஞ்சு வெச்சிருப்போம். வேலை முடிஞ்சதும் அது அது அதனதன் இடத்துக்கு வந்தாகணும். ஒண்ணு குறைஞ்சாலும் விமானம் கிளம்பாது. நேத்து சேர்ந்த பையன் வந்து 'ஸ்பேனரைக் காணோம்'னு சொன்னா, முதல்ல அவனுக்கு 'சொன்னியே, நல்லது'ன்னு சொல்லணும். திட்டினீங்கன்னா அடுத்த தடவை சேதி வராது. ஸ்பேனர் மட்டும் இன்ஜினுக்குள்ள இருக்கும்" என்றார்.

தரத்துக்கும் பாதுகாப்புக்கும் என்ன வித்தியாசம் என்றும் கேட்டேன். "புத்தகத்துல இருக்கிறபடி செஞ்சியான்னு கேட்டா தரம். புத்தகத்துல இருக்கிறது போதுமான்னு கேட்டா பாதுகாப்பு."

சேதி வராமல் போனால் என்ன ஆகும்? 1974 டிசம்பர் 1-ம் தேதி, அமெரிக்காவில் வாஷிங்டன் அருகே டி.டபிள்யூ.ஏ. விமானம் மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். இறங்குவதற்கான அனுமதியை விமானிகள் ஒரு மாதிரியும் கட்டுப்பாட்டு அறை வேறு மாதிரியும் புரிந்துகொண்டதுதான் சிக்கல். ஆறு வாரம் முன்னால் யுனைடெட் விமானம் ஒன்று அதே குழப்பத்தில் அதே மலையிடம் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்தக் கம்பெனி தன் விமானிகளை எச்சரித்தது. அடுத்த கம்பெனிக்குச் சேதி போக வழியே இல்லை.

1976-ல் வழி போட்டார்கள். தவறு செய்தவர், தவறைப் பார்த்தவர் யாரும் எழுதிப் போடலாம். கடிதங்கள் அபராதம் போடும் துறைக்குப் போகாமல் நாசாவுக்குப் போகும். பெயரை நீக்கிவிட்டுச் சேதியை மட்டும் எல்லோருக்கும் சொல்வார்கள். தெரியாமல் செய்த பிழையைப் பத்து நாளுக்குள் எழுதினால் தண்டனையிலிருந்தும் விலக்கு. குடித்துவிட்டு ஓட்டியவருக்கும் வேண்டுமென்றே செய்தவருக்கும் இந்தச் சலுகை கிடையாது. அந்தக் கோட்டில் அவர்கள் கறார்.

இதெல்லாம் ஆகாய சமாசாரம், தரையில் நமக்கென்ன என்று இருக்க முடியவில்லை. 2025 ஜூலை 8 காலை, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் அதே ரயில் பாதையில், செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்துபோனார்கள். கேட் கீப்பர் கைதானார். ஊரே, தப்பு அவர் மேலா, வேன் டிரைவர் மேலா என்று விவாதித்தது. அந்த கேட்டில் அப்போது 'இன்டர்லாக்கிங்' இருக்கவில்லை. அது இருந்தால் கேட் மூடாதவரை ரயிலுக்குப் பச்சை விழாது. ஒரு மனிதரின் ஞாபக மறதி மூன்று உயிர் வரை போகாது. ரயில்களின் எண்ணிக்கையையும் சாலை வண்டிகளின் எண்ணிக்கையையும் பெருக்கி ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அது 20,000 வந்தால்தான் இன்டர்லாக்கிங் என்றிருந்த வரம்பை, விபத்துக்குப் பிறகு 10,000 ஆக்கினார்கள். எல்லா கேட்டிலும் கேமரா வைக்கச் சொன்னார்கள். நல்ல முடிவுகள்தான். விலைதான் தாங்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். எங்கோ ஒரு கேட்டில், ரயில் வரும்போது கதவு திறந்தே கிடந்து, நல்லவேளையாக யாரும் குறுக்கே வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்த கேட் கீப்பர் நடந்ததை நடந்தபடி யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் மறுநாள் அவருக்கு வேலை இருக்குமா?

இருக்கும் என்று அவர் தைரியமாக நம்புகிற அன்றுதான், பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றிவிட்டு நாமும் நிம்மதியாகத் திரும்பலாம்.