கறுப்புத் திரையும் கொழுந்தனார் தீர்ப்பும்

குரோம்பேட்டை
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள கோமதி,

உன் பையன் சொந்தமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போகிறானாமே! "எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, நீதான் டிடிபி சென்டர் நடத்தினவள், ஏதாவது சொல்லு" என்று எழுதியிருக்கிறாய். சொல்கிறேன். ஆனால் வெறும் புத்திமதியாகச் சொன்னால் நீ படிக்க மாட்டாய். எங்கள் வீட்டில் போன மாதம் நடந்த கூத்தோடு சேர்த்துச் சொல்கிறேன்.

அக்கா மகள் நித்யா எங்களோடு தங்கி ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள் அல்லவா? லேப்டாப்பில் ஒரு கட்டடத்தைத் திருப்பிப் பார்ப்பதற்குள் பொழுது விடிந்துவிடுகிறது என்று ஒரே புலம்பல். அக்காவிடம் பணத்தைக் கறந்து, பட்டியல் போட்டு, என்னையும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரைசன் 5 7600 பிராசசர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு, ஒரு கிராபிக்ஸ் கார்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ், தனியாக ஒரு கூலர், கண்ணாடிக் கதவு போட்ட கேபினெட். கூடத்தில் அட்டைப்பெட்டிகளை அடுக்கினதைப் பார்த்து என் மாமியார், "என்னடி இது, சீர்வரிசை மாதிரி இருக்கு, மாப்பிள்ளைதான் இல்லை" என்றார். நித்யா முறைத்தாள்.

சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து பூட்டினாள். சுவிட்சைத் தட்டினாள். ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, விளக்கு கலர் கலராக எரிகிறது, மானிட்டரில் மட்டும் "நோ சிக்னல்".

அவ்வளவுதான், ஆளுக்கு ஆள் வைத்தியர் ஆகிவிட்டார்கள். என் கொழுந்தனாரைத்தான் உனக்குத் தெரியுமே. ஒரு தடவை ஃபேன் ரெகுலேட்டர் மாற்றினதிலிருந்து மின்வாரியமே தன்னை நம்பித்தான் இருக்கிறது என்ற நினைப்பு. எட்டிப் பார்த்த மாத்திரத்தில், "எஸ்எம்பிஎஸ் போச்சு" என்று தீர்ப்பு சொன்னார். எஸ்எம்பிஎஸ் அடியோடு போயிருந்தால் ஃபேன் எப்படிச் சுற்றும் என்று கேட்டேன், பதில் இல்லை. கீழ்வீட்டு மாமா ஒரு பென்சில் ரப்பரோடு படியேறி வந்துவிட்டார், ரேமைக் கழற்றித் தேய்க்க வேண்டுமாம். பத்து வருஷப் பழைய ரேமில் தங்க முலாம் பூசிய காலில் அழுக்கு ஏறியிருந்தால் தேய்ப்பது சரி. காலையில் பிரித்த புது ரேமைத் தேய்த்து என்ன வரப்போகிறது? மாமியார் தன் பங்குக்கு, "ஆடி கழியட்டும்னு சொன்னேன், யார் கேட்டா?" என்றார். இந்தக் களேபரத்தில் நித்யா சுவிட்சை அமுக்கி அணைப்பதும் திரும்பப் போடுவதுமாக இருந்தாள்.

நம் காலத்தில் கேபினெட்டுக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கர் இருக்கும், ஞாபகமிருக்கிறதா? ஒரே ஒரு பீப் என்றால் சௌக்கியம், விடாமல் கத்தினால் பெரும்பாலும் ரேம். இப்போது அந்த ஸ்பீக்கரை யாரும் வைப்பதில்லை. அதற்குப் பதிலாக இந்தக் காலத்து போர்டுகள் பலவற்றில், ஓரத்தில் பெரிய 24 பின் ஒயர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில், கடுகளவு நாலு எல்இடி இருக்கும். சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பான். சுவிட்சைப் போட்டதும் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். இத்தனை பேர் பேசினார்களே, ஒருத்தராவது அதைப் பார்த்தார்களா? நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். டிராம் எரிந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். டிடிஆர்5 ரேமை முதல் முதலாகச் சொருகினால், போர்டு அதோடு பழகிப் பார்க்கிறது. எந்த வேகத்தில், எந்த நேரக் கணக்கில் பேசினால் பிசகாமல் வரும் என்று ஒவ்வொரு இணைப்பாகச் சோதிக்கும். மெமரி டிரெயினிங் என்று பெயர். அது முடிகிற வரை திரை கறுப்புதான். சில நிமிஷம் ஆகும், ரேம் அதிகமானால் பத்து நிமிஷத்தைக்கூடத் தாண்டும். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. நித்யா அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். "யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு எல்லோரையும் தோசை சாப்பிட அனுப்பினேன். இரண்டாவது தோசைக்குத் திரையில் எழுத்து வந்துவிட்டது. உடனே கொழுந்தனார், "நான் அப்பவே நினைச்சேன், அதுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் கொடுக்கணும்னு." சட்னிக் கரண்டி என் கையில்தான் இருந்தது, என்னமோ பொறுத்துக்கொண்டேன்.

உன் பையனிடம் இதையும் சொல்லிவை. ரேமின் வேகத்தைக் கூட்டுவதற்கு பயாஸில் எக்ஸ்போ என்று ஒன்று இருக்கும். பெட்டியில் 6000 என்று போட்டிருந்தாலும், அதைப் போடாதவரை ரேம் பெரும்பாலும் 4800-இல்தான் ஓடும். போட்டால் மறுபடியும் டிரெயினிங், மறுபடியும் கறுப்புத் திரை. நீ கந்தசஷ்டி கவசத்தை ஆரம்பித்துவிடாதே.

கால் மணி, இருபது நிமிஷம் காத்திருந்தும் டிராம் விளக்கு அணையவில்லை என்றால்தான் கை வைக்க வேண்டும். ஒரே ஒரு ரேமை விட்டு மற்றதைக் கழற்றச் சொல். பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட், ஏ2 என்று போட்டிருக்கும், பெரும்பாலான போர்டுகளில் அதில்தான் வைக்க வேண்டும். இரண்டு ரேம் என்றால் இரண்டாவதும் நாலாவதும். பல போர்டுகளில் இப்போது ஒரு பக்கம்தான் கிளிப் இருக்கிறது. அந்தப் பக்கம் 'டக்' என்று விழும், மறுமுனை அரைகுறையாகத் தூக்கிக்கொண்டே நிற்கும். பயப்படாமல் அமுக்கச் சொல். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றட்டும். நாலையும் சேர்த்துப் பிடுங்கிச் சொருகிச் சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று அந்த ஆண்டவனுக்கே தெரியாது.

சிபியு விளக்கு நின்றால் முதலில் பார்க்க வேண்டியது போர்டின் மேல் மூலையில் இருக்கும் 8 பின் பவர் ஒயர். அதைச் சொருக மறந்தால் ஃபேன் ஜம்மென்று சுற்றும், வேறு ஒன்றும் நடக்காது. அதே 8 பின்னில் கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒயர் வரும். பிராசசருடையது நாலும் நாலுமாகப் பிரியும், கார்டுடையது ஆறும் இரண்டுமாகப் பிரியும். இறங்காததை முரட்டுத்தனமாக அமுக்கக் கூடாது. எஸ்எம்பிஎஸ் மாற்றினால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயரைப் புதியதில் போடவே கூடாது. சொருகும் இடம் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஹார்ட் டிஸ்க்கைப் பொசுக்கிவிடும்.

அவன் ரைசன் 9600எக்ஸ் வாங்குவதாக எழுதியிருந்தாய். அதில் ஒரு சூட்சுமம். 9000 வரிசை வந்ததே 2024 ஆகஸ்டில். கடையில் அதற்கு முன்னால் வந்து தங்கிப்போன பி650 போர்டைக் கொடுத்தால், அதன் பயாஸுக்கு இந்தப் பிராசசரை அடையாளமே தெரியாது. போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும். இருந்தால் பென் டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து, புது பயாஸைப் போட்டு, பிராசசரே இல்லாமல்கூட அப்டேட் பண்ணலாம்.

விஜிஏ விளக்கைப் பற்றி அதிகம் இல்லை. கார்டு முழுசாக இறங்கியிருக்கிறதா, அதற்குப் பவர் ஒயர் போட்டாயிற்றா, அவ்வளவுதான். எதிர் ஃபிளாட் பையன் ஒருத்தன் எஃப் என்று முடிகிற இன்டெல் பிராசசர் போட்டிருக்கிறான். அதில் உள்ளுக்குள் கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டர் ஒயரைக் கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகிவிட்டு, கார்டு டூப்ளிகேட் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போய், கூட்டம் கூடிவிட்டதாம். அவன் அம்மா இப்போது என்னைப் பார்த்தால் லிஃப்டில் ஏற மாட்டேன் என்கிறாள். நானா சண்டை போடச் சொன்னேன்?

நித்யா கதைக்கு வருகிறேன். திரை வந்ததா, பயாஸில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே பிராசசர் சூடு 80, 85, 90 என்று ஏறுகிறது. அந்தப் பிராசசர் தாங்குகிற எல்லையே 95 டிகிரிதான். உடனே அணைக்கச் சொல்லிக் கூலரைக் கழற்றினோம். அடியில் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை, ஒட்டுவதற்கு முன் உரிக்கவும் என்று பெரிதாக எழுதியிருக்கிறது, அதன் மேலேயே பேஸ்ட் பூசிப் பூட்டியிருக்கிறது. கூலரைப் பூட்டினவர் யார் தெரியுமா? கொழுந்தனார். "கீறல் விழாம இருக்கட்டும்னுதான் விட்டேன்" என்றார். அவர் வீட்டு டிவி ரிமோட்டில் இன்னும் பிளாஸ்டிக் கவர் இருக்கிறது, அந்தப் பழக்கம். உரித்து, துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்ததும் சூடு சட்டென்று இறங்கிவிட்டது.

கடைசிக் கூத்து மாமியாருடையது. மறுநாள் ஈரத்துணியால் கேபினெட்டைத் துடைத்தவர், "கை வைச்சா சுள்ளுங்குதுடி" என்று அலறினார். கொழுந்தனார் டெஸ்டரை வைத்தார், எரிந்தது. "மதர்போர்டு ஷார்ட்!" போர்டு கேபினெட் தகட்டில் பட்டு ஷார்ட் ஆனால் அநேகமாக ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடும், அதற்கு அடியில் இருக்கும் பித்தளை ஸ்டாண்டுகளைப் பார்க்க வேண்டும். இது வேறு. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட் உடம்புக்குச் சின்னச் சின்ன கெபாசிட்டர் போகிறது. அதில் கசிகிற துளி மின்சாரம் எர்த் வழியாகப் போக வேண்டும். எர்த் இல்லையென்றால் கேபினெட் இரும்பே 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் மிதக்கும். ஆளை அடித்துப்போடாது, ஆனால் அந்த நிலையில் ஒயரைச் சொருகினால் எச்டிஎம்ஐ, யுஎஸ்பி போர்ட் பழுதாகலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவர்ப் பாயின்ட்டைத் திறந்தால், மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை! ஃபிளாட் கட்டின நாளிலிருந்து அப்படித்தான். இத்தனை வருஷம் அதில்தான் கிரைண்டர் ஓடியது, நினைத்தாலே பகீர் என்கிறது. உங்கள் வீடும் பழசுதானே, பெட்டி வருவதற்கு முன்னால் பாயின்ட்டைப் பார்த்துவிடு.

வாங்கும்போது ஒரு விஷயம். போர்டில் பிராசசர் உட்காரும் சாக்கெட்டைக் கடையிலேயே திறந்து செல்போனில் படம் எடுத்துக்கொள்ளட்டும். உள்ளே இருக்கிற பின்களில் ஒன்று வளைந்திருந்தாலும், வீட்டுக்குப் போனபிறகு நீங்கள்தான் வளைத்தீர்கள் என்பார்கள். அதன் மேல் இருக்கும் கறுப்பு மூடியையும் தூக்கிப் போடக் கூடாது, வாரன்டிக்கு அனுப்பும்போது கேட்பார்கள்.

கொழுந்தனார் இப்போது ஆபீஸ் நண்பர் ஒருவருக்குத் தானே அசெம்பிள் செய்து தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறாராம். அந்த மனுஷனை எச்சரிக்கலாமா என்று யோசிக்கிறேன், ஓரகத்தி கோபித்துக்கொள்வாள். அவள் தங்கை கல்யாண விஷயம் வேறு இருக்கிறது, அதெல்லாம் போனில்தான். உன் பையனின் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பு. கேபினெட் மாடலையும் கூலர் மாடலையும் மறக்காமல் எழுதச் சொல், கூலர் உயரம் இடித்தால் கண்ணாடிக் கதவு மூடாது.

அன்புடன்,
உன் வசந்தா