க்யூஆர்எஸ்

ஹாம் ரேடியோக்காரர்களிடம் மூன்றெழுத்துச் சங்கேதம் ஒன்று உண்டு: க்யூஆர்எஸ். ‘மெதுவாக அனுப்புங்கள்’ என்று பொருள். மோர்ஸில் பேசும்போது எதிர்முனைக்காரர் இதைக் கேட்டால், அவர் வேகத்துக்கு நம் கையைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். சட்டம் இல்லை, மரபு. 1928-இல் அமெரிக்காவில் பால் சீகல் என்பவர் ஹாம்களுக்கென்று எழுதிய நெறிமுறையிலேயே, கேட்டால் பொறுமையாக அனுப்புவதும் புதியவருக்கு யோசனை சொல்வதும் வந்துவிடுகின்றன.

எனக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆனாலும் செய்தேன்.

தந்தி அலுவலகத்தில் நாள் முழுக்கத் தட்டிப் பழகிய கை என்னுடையது. நிமிடத்துக்கு 25 வார்த்தை சர்வ சாதாரணம். ஹாம் லைசென்ஸ் வாங்கியபின் அந்த வேகமே தலைக்கனமாகிவிட்டது. (அலுவலகத்தில் அதைக் காட்ட வழியில்லை, மேலே சூப்பர்வைசர் இருந்தார்.)

1986 என்று நினைவு. ஒரு மாலை 40 மீட்டர் அலைவரிசையில் யாரோ பொது அழைப்பு விடுத்தார்கள். புதுக் கை என்று கேட்டவுடனே தெரிந்தது. நிமிடத்துக்கு 5 வார்த்தை இருக்கும். அதிலும் புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவே தயக்கம். நான் என் வேகத்தில் பதில் போட்டேன். க்யூஆர்எஸ் என்று வந்தது. அதே வேகத்தில் திரும்ப அனுப்பினேன். மறுபடி க்யூஆர்எஸ், கூடவே ஒரு ‘ப்ளீஸ்’. ‘ஓஎம், வீட்டில் பழகிவிட்டு வாருங்கள்’ என்று தட்டினேன். அதை மட்டும், நன்றாகப் புரியட்டும் என்று மெதுவாகத் தட்டினேன்.

ஓஎம் என்றால் ‘ஓல்டு மேன்’. ஹாம்களில் பதினைந்து வயதுப் பையனும் ஓஎம்தான். பெண்களுக்கு ‘ஒய்எல்’. எதிர்முனையில் ஒரு பெண் இருக்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. மோர்ஸில் குரல் கிடையாதே.

இரண்டு மாதம் கழித்து, நாங்கள் கூடும் இடத்துக்கு ஒருவர் செட்டை விற்க வந்தார். “பொண்ணுக்காக வாங்கினது சார். ஆசையா பரீட்சை எழுதி பாஸ் பண்ணினா. முதல் நாளே யாரோ ஏதோ சொல்லிட்டாங்களாம். அப்புறம் தொடவே இல்லை.”

அழைப்புக்குறியைச் சொன்னார். அதே குறி.

“என்ன விலை சொல்றீங்க?” என்று கேட்டேன். அதற்குமேல் வாய் வரவில்லை.

2004 சுனாமியின்போது, டில்லியிலிருந்து போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத் ஹாம் ரேடியோ மூலம் அந்தமான் செய்திகளை வெளியே அனுப்பியதைப் படித்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். நான் உட்கார்ந்து, அந்தப் பெண்ணுக்கு இப்போது என்ன வயதிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் புதுக் கை காதில் பட்டால், நானே முந்திக்கொண்டு க்யூஆர்எஸ் கேட்டுவிடுகிறேன். கிழவருக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொள்ளட்டும். போன வருடத்திலிருந்து அது உண்மையாகவும் ஆகிவிட்டது.