வளத்தவ என்னா ஆனா?

ஒன்பதாவது முடித்த கோடை விடுமுறை. விருத்தாசலத்தில் செராமிக் பொம்மை செய்கிற கொட்டகை ஒன்றில் அம்மா கூலிக்குப் போய்க்கொண்டிருந்தது. என்னையும் கூடவே இழுத்துக்கொண்டு போனது. பெரியாள் கூலியில் பாதி கிடைக்கும். பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டு வாங்க ஆகும் என்று கணக்கு.

களிமண்ணோடு வேறு மாவுகளும் சேர்த்து, தண்ணீர்விட்டுக் கூழ் மாதிரி கரைத்து வைத்திருப்பார்கள். அதை பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்ற வேண்டும். அச்சு தண்ணீரைக் குடிக்கும். உள்பக்கம் தோல் மாதிரி மண் பிடிக்கும். மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, இறுகியதும் அச்சைப் பிரித்தால் பிள்ளையார் இருப்பார். இன்னொரு அச்சைப் பிரித்தால் நாய்க்குட்டி இருக்கும். இரண்டுக்கும் ஒரே கூழ்தான். ஓரத்தில் நிற்கிற பிசிறைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, காயவைத்துச் சூளைக்கு அனுப்புவார்கள். பிசிறு சுரண்டுவது பெண்கள் வேலை. எங்கம்மா கையில் எப்போதும் வெள்ளை பூத்திருக்கும். நகக்கண்ணில் இருக்கிற வெள்ளை தேய்த்துக் குளித்தாலும் போகாது.

சோத்து நேரத்தில் நான் படிப்பேன், பெண்கள் கேட்பார்கள். நூலகத்தில் எடுத்த பொன்னியின் செல்வன். ஐந்து பாகம். விடுமுறை முழுக்க ஓடியது. குந்தவை, வந்தியத்தேவன், நந்தினி எல்லாரையும் ரசித்தார்கள். ஆனால் எங்கம்மா திரும்பத் திரும்பக் கேட்டது ஒருத்தனைப் பற்றித்தான். "அந்தப் பூக்காரப் பையன் என்னா ஆனான்?"

சேந்தன் அமுதன். தஞ்சாவூரில் தோட்டம் போட்டுப் பூப்பறித்து, தளிக்குளத்தார் கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கிறவன். அவனுடைய தாய் வாணி காது கேளாதவள், வாய் பேசாதவள். ஊர் தெரியாமல் வந்து நிற்கிற வந்தியத்தேவனுக்கு இடம் கொடுக்கிறான், சோறு போடுகிறான். அதற்காகப் பாதாளச் சிறைக்கும் போகிறான். கத்தி சுழற்றத் தெரியாது, சாமர்த்தியப் பேச்சு வராது. கதையில் எத்தனையோ பேரில் ஒருத்தன்.

அவன்தான் கடைசியில் ராஜா ஆகிறான். சோழ நாடே அருள்மொழிவர்மனுக்குப் பட்டம் கட்டக் காத்திருக்கும்போது, அருள்மொழி அந்த மகுடத்தை எடுத்து அமுதன் தலையில் வைக்கிறான். இதைப் படித்த அன்று கொட்டகையில் ஒரே கூச்சல். எங்கம்மா தூக்குச்சட்டி மூடியில் தாளம் போட்டது. "பாத்தியாடி, பூக்கட்டுறவனுக்குக் கிரீடம்!" என்று பக்கத்தில் இருந்த அத்தையை இடித்தது.

அவன் ஏன் ராஜா ஆனான் என்பது யாருக்கும் பிடிபடவில்லை. அந்தப் பக்கங்களை நான் அவசரத்தில் தாவியிருந்தேன். மறுநாள் திரும்பிப் போய்ப் படித்துச் சொன்னேன். அமுதன் பூக்காரி மகனே இல்லை. கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த பிள்ளை. பிறந்தபோது செத்துவிட்டதென்று நினைத்து, புதைக்கச் சொல்லி வாணியிடம் கொடுத்தார்கள். பிள்ளைக்கு உயிர் இருந்தது. அவள் எடுத்துப்போய் வளர்த்தாள்.

கொட்டகையில் சத்தம் இல்லை. எங்கம்மா கையில் இருந்த பிள்ளையாரைச் சுரண்டிக்கொண்டே, "அப்ப அவன் நம்ம ஆளு இல்லியா" என்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் கேட்டது. "செரி, அவன் ராஜாவா பூட்டான். வளத்தவ என்னா ஆனா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் இதை எழுதுகிறேன்.

சேந்தன் அமுதன் அந்த மகுடத்துக்குத் தகுதியானவன்தானா என்று படித்தவர்கள் வாதம் பண்ணுவதைக் கேட்டிருக்கிறேன். 'பின்பாதியில் திடீரென்று முன்னுக்கு இழுத்து வந்துவிட்டார் கல்கி' என்பார்கள் சிலர். 'இல்லை, முதல் பாகத்திலேயே அவனை நட்டு வைத்துவிட்டார்' என்பார்கள் வேறு சிலர். கதைக்கட்டு என்று பார்த்தால் இரண்டாவது ஆட்கள் சொல்வது சரி. கல்கிக்கு ஒரு சிக்கல் இருந்தது. உத்தம சோழன் என்று ஒருவன் ஆண்டது வரலாறு. அவனுக்குப் பிறகு 985-இல்தான் ராஜராஜன் பட்டத்துக்கு வருகிறான். சிற்றப்பன் ஆசைப்படுகிறவரை அரசு எனக்கு வேண்டாம் என்று அருள்மொழி ஒதுங்கினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. ஆனால் கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதி வந்த கதையில் மதுராந்தகன் பதவி வெறி பிடித்தவனாக, கோழையாக ஆகிவிட்டான். அவன் தலையில் மகுடம் வைத்தால் அருள்மொழியின் தியாகம் ஏமாளித்தனமாகத் தெரியும். அதனால் ஒரு நல்ல உத்தமன் தேவைப்பட்டான். பூக்கட்டுகிற பையன் தயாராக இருந்தான். பிள்ளை மாறாட்டம் கல்கியின் கற்பனை. கதைக்காரனுக்கு அந்த உரிமை உண்டு.

என் சண்டை கதைக்கட்டோடு இல்லை. அமுதன் செய்த காரியம் எதுவும் அவனுக்கு மகுடத்தை வாங்கித் தரவில்லை என்பதுதான் என் சண்டை. அவன் சோறு போட்டது, சிறைக்குப் போனது, பட்டத்துக்கு ஆசைப்படாதது எல்லாம் நல்ல குணம் என்று பாராட்டப்படுகிறது. மகுடம் மட்டும் ரத்தத்துக்கு வருகிறது. அவன் உண்மையிலேயே வாணியின் மகனாக இருந்து, இதே குணத்தோடு இருந்திருந்தால், கடைசிப் பக்கத்திலும் மாலைதான் கட்டிக்கொண்டிருப்பான்.

மறுபக்கத்தையும் பாருங்கள். அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன் யார்? கடல் தீவில் திரிந்த ஊமைப்பெண் மந்தாகினியின் பிள்ளை, வாணிக்கு அக்காள் மகன். சிவபக்தியே உருவான செம்பியன் மாதேவி மடியில் வளர்ந்தும் அவனுக்கு நல்ல புத்தி வரவில்லை. குடிசையில் வளர்ந்தும் சோழ ரத்தம் சாந்தமாக, பெருந்தன்மையாக இருக்கிறது. எங்கே வளர்ந்தாலும் பிறப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்று கதை நமக்குச் சொல்கிறதா இல்லையா? நமக்குப் பழகிப்போன பேச்சுதானே இது.

இது கல்கி ஒருத்தர் செய்த வேலையும் இல்லை. நம்மில் ஒருவன் மேலே வந்தால் அவன் பிறப்பைத் தோண்டுவது இந்த மண்ணில் பழைய வழக்கம். குறள் எழுதியவருக்கு பகவன் என்ற பார்ப்பனரை அப்பனாகவும் ஆதி என்ற புலைச்சியைத் தாயாகவும் கட்டிவிட்டார்கள். அறிவு எங்கிருந்து வந்தது என்பதற்குக் காரணம் சொல்லியாகிவிட்டது. 1907-இல் 'தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் இந்தக் கட்டுக்கதையை மறுத்து எழுதினார். எங்கள் கடலூர் மாவட்டத்துக்காரர் என்று சொல்லப்படுகிற ஆதனூர் நந்தனுக்கு இப்படிப் பிறப்பை மாற்ற முடியவில்லை. அதனால் தில்லையில் தீயில் இறக்கினார்கள். பெரியபுராணத்தில் அவர் வெளியே வரும்போது பூணூல் போட்ட முனிவராக வருகிறார். பறையனாகவே உள்ளே போக வழி இல்லை. சூளையில் வைத்த பொம்மைகூட அதே பொம்மையாகத்தான் வெளியே வரும்.

இங்கிலாந்துக்காரர் டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955-இல் வெளிவந்தது. கல்கியின் தொடர் முடிந்த அதே காலம். மாயக் கதை. அதில் சாம் என்று ஒரு தோட்டக்காரன். நடக்க முடியாத எஜமானை முதுகில் சுமந்து எரிமலை ஏறுகிறான். கதை முடிவில் தன் ஊருக்கு மேயர் ஆகிறான், ஒருமுறை இல்லை, ஏழு முறை. அவன் யாருக்கோ பிறந்த ராஜகுமாரன் என்று கடைசியில் சொல்லவில்லை. தோட்டக்காரன் மகன் தோட்டக்காரனாகவே மேயர் ஆகிறான். இது எனக்குப் பிடித்தது. ஆனால் அதே கதையில் அரியணை மறைந்து வாழ்ந்த அரச வாரிசுக்குத்தான் போகிறது. சாம் வாயிலிருந்து கடைசிவரை எஜமானுக்குப் போடுகிற மரியாதையும் போகவில்லை. அங்கேயும் சுமந்தவனுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் எழுதுகிற எனக்கு ஒன்றைச் சொல்லாமல் விட உரிமை இல்லை.

1994-இல் எனக்கு வேலை கிடைத்தது. வெளியூரில் ஒரு அலுவலகம். சேர்ந்த கொஞ்ச நாளில் மேலே இருந்த ஒருவர் என்னைப் பார்த்து, "உன்னப் பாத்தா அந்த ஆளு மாதிரியே தெரியலையேப்பா, பேச்சும் சுத்தமா இருக்கு" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்துப் பிரயோசனம் இல்லை. அன்றிலிருந்து இன்னும் சுத்தமாகப் பேசினேன். சேரியின் பெயரைச் சொல்லாமல் 'விருத்தாசலம் பக்கம்' என்றே சொல்லி வந்தேன். எனக்குள்ளேயே ஒரு செம்பியன் மாதேவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மதியம் அம்மா வந்துவிட்டது. கொட்டகையிலிருந்து நேராக பஸ் ஏறியிருக்கிறது. கையில் வெள்ளை, சேலை ஓரத்தில் வெள்ளை, ஒரு பையில் முறுக்கு. தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தது. கூட வேலை செய்கிறவன் "யாரு சார்?" என்றான். "ஊர்ல தெரிஞ்சவங்க" என்றேன்.

அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். எங்கள் தெருவில் அம்மா வாய்க்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. முறுக்குப் பையை என் கையில் கொடுத்துவிட்டு, "வரேன் தம்பி" என்று போய்விட்டது. என்னை அதற்கு முன்பு ஒருநாளும் தம்பி என்று கூப்பிட்டதில்லை. 'டேய்' தான். வெளியாளுக்குப் பேசுகிற மாதிரி பேசிவிட்டுப் போனது.

கல்கி வாணிக்கு வாய் கொடுக்கவில்லை. நான் வாய் இருந்த ஒருத்தியை வாணியாக்கினேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குப் புரிந்தது. அந்த நாவலில் பேச்சில்லாத பெண்கள் இரண்டு பேர். அக்கா மந்தாகினி, காவிரியில் விழுந்த குழந்தை அருள்மொழியைக் காப்பாற்றுகிறாள். கடைசியில் சுந்தர சோழர்மேல் பாய வந்த ஆயுதத்தைத் தன் உடம்பில் வாங்கிச் சாகிறாள். தங்கை வாணி, புதைக்கக் கொடுத்த பிள்ளையைப் புதைக்காமல் வளர்க்கிறாள். சோழ வம்சத்துக்கு உயிர்ப்பிச்சை போட்டவர்கள் இந்த இரண்டு பேரும்தான். அக்காளுக்காவது கதையில் ஒரு சாவு இருக்கிறது, அழுவதற்கு ஆள் இருக்கிறது. தங்கை நினைவில் நிற்பதே இல்லை. செத்த பிள்ளையைப் புதைக்கிற வேலையை யாரிடம் கொடுப்பார்கள் என்று நமக்குத் தெரியும். அப்படிக் கொடுத்ததுதான் முழுக் கதையும். முடிவில் இடம் யாருக்கு என்று கேட்டால், என் ஓட்டு வாணிக்கு.

விருத்தாசலம் கோயிலைக் கல்லால் எடுப்பித்தது செம்பியன் மாதேவி என்று கல்வெட்டு இருக்கிறது. மகன் உத்தம சோழன் காலத்து வேலை. அந்தக் கல்லைச் சுமந்தவர்கள் பெயர் அதில் இல்லை. அந்த அம்மாள் நல்லவராகவே இருந்திருக்கலாம். எடுப்பித்தவர் பெயரைத் தாங்கியே ஆயிரம் வருஷமாகக் கல் நிற்கிறது என்பதுதான் விஷயம்.

இதே விருத்தாசலத்தில் வாழ்கிற இமையம் 1994-இல் கோவேறு கழுதைகளைக் கொண்டுவந்தார். நான் அம்மாவைத் தெரிஞ்சவங்க என்று சொன்ன அதே காலம். அதில் ஆரோக்கியம் என்கிற புதிரை வண்ணார் பெண்தான் மையம். சேரிக்குத் துணி வெளுத்து, சேரி வீடுகளில் சோறு எடுத்துப் பிழைக்கிறவள். அந்த நாவலின்மேல் நம் ஆட்களே கோபப்பட்டார்கள். நமக்கும் கீழே ஒரு வாணியை வைத்திருக்கிறோம் என்று எழுதினால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தை விட அந்தப் புத்தகம் எனக்கு அதிகம் உதவியது.

அம்மாவிடம் மன்னிப்பு என்று கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அந்த வார்த்தை புழக்கத்தில் இல்லை. பல வருஷம் கழித்து ஒருநாள் பேச்சை இழுத்தேன். "அமுதன் நல்லவனா இருந்தது ராஜா வீட்டு ரத்தத்தாலயாம்மா?" என்றேன். கதை அம்மாவுக்கு மறந்திருக்கவில்லை. "ரத்தமாவது மண்ணாவது. மண்ணு எல்லாம் ஒரே மண்ணுதான்டா, நான் ஊத்தாத மண்ணா? அச்சுதான் கணக்கு. அவ குடிசைல வளந்தான், நல்லவனா இருந்தான். அரமனைல வளந்தவன் கெட்டான். இது தெரியலியா அந்த எழுதுனவருக்கு?" என்றது.

அதே கதை. நான் அதில் ரத்தத்தைப் படித்தேன், அம்மா வளர்ப்பைப் படித்தது. கல்கி நினைத்தது எதுவாக இருந்தாலும் அம்மா படித்ததற்கும் அந்தப் புத்தகத்தில் இடம் இருக்கிறது. அப்படிப் படித்தால் அமுதனுக்கு மகுடம் தகும். ஆனால் அதைச் சம்பாதித்தவள் வாணி.

அம்மா 2011-இல் செத்துப்போனது. 2023-இல் மணிரத்னம் எடுத்த இரண்டாம் பாகத்தை மகளோடு போய்ப் பார்த்தேன். படத்தில் பிள்ளை மாறாட்டமே இல்லை. மதுராந்தகனுக்கே பட்டம். பூக்காரன் பூக்காரனாகவே நிற்கிறான். வரலாற்றுக்கு இதுதான் கிட்டம். நீளம் கருதியும் வெட்டியிருப்பார்கள். வாணி அதோடு இன்னும் தூரம் போய்விட்டாள்.

வெளியே வரும்போது மகளுக்குப் புத்தகத்தில் இருக்கிற முடிவைச் சொன்னேன். கொட்டகையைச் சொன்னேன், தூக்குச்சட்டி மூடியில் ஆயா தாளம் போட்டதைச் சொன்னேன். அந்தத் தாழ்வாரத்தையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள் பஸ் நிலையம் வரும்வரை என்னோடு பேசவில்லை.

பேசாமல் இருந்தது சரிதான் என்று எனக்குப் பட்டது.